வண்டி வராத ஞாயிறு

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடைக்காரர் புது டயரி கொடுத்தார். பெரிய விவசாயிகளுக்கு மட்டும்தான் கொடுப்பாராம். எனக்கு எழுந்து நின்று கொடுத்தார். (அவர் எழுந்தது வேறு ஒருவருக்கு மூட்டை எடுத்துப் போட. ஆனால் அந்த நேரத்தில்தான் கொடுத்தார்.)

என் படிப்பு எட்டாவது வரை. ஒன்பதாவதில் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன். அதையும் சேர்த்துக்கொண்டால் ஒன்பதாவது. டயரி எழுத அது போதும்.

இன்று சுஜிதா மலையடிவாரத்துக் காரவள்ளியில் புறப்பட்டு எங்கள் மலையின் எழுபது வளைவையும் ரேஸ் சைக்கிளில் ஏறி வந்தாள். என் அக்கா பழனாயியின் மகள். ராசிபுரத்தில் காலேஜ். அங்கே ஒரு சைக்கிள் சங்கம் அவளுக்கு வண்டி கொடுத்திருக்கிறது. டீக்கடையில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "மாமன் ரத்தம்" என்றேன். பதினேழு வயதில் நான் பிரேக் இல்லாத சைக்கிளில், பின்னால் இரண்டு மூட்டை மிளகோடு, இதே மலையை இறங்கிய கதையைச் சொன்னேன்.

"போன வருசம் ஒரு மூட்டைதானுங்களே இருந்துச்சு?" என்றான் சின்னக்கண்ணு.

"மூட்டையும் வளருமில்ல" என்றேன். கடையே சிரித்தது.

டயரிக்கு மட்டும்: இரண்டு வளைவு இறங்கினேன். மூன்றாவதில் கால் உதறியது. வந்த லாரியை நிறுத்தி சைக்கிளோடு ஏறிக்கொண்டேன். லாரியும் இதே மலையைத்தான் இறங்கியது.

ஜனவரி 12, ஞாயிறு

நாமக்கல் பக்கம் போட்டி. அவள் அப்பா, மச்சான் மாணிக்கம், போர்வெல் லாரியோடு வடக்கே போய் ஆறு மாசம். அதனால் தாய்மாமன் நான் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

சைக்கிள் ரேஸ் என்றால் ஒவ்வொருத்தராக ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அத்தனை பெண்களும் ஒரே கூட்டமாக, முன்னால் போகிறவள் முதுகில் பின்னால் வருகிறவள் ஒட்டிக்கொண்டு. ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவில் கை நுழையாது. தாண்டிப் போகும்போது தேன்கூடு கலைந்த மாதிரி ஒரு சத்தம், ஒரு காற்று. என் துண்டு தோளைவிட்டுப் பறந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் "பாத்து, பாத்து" என்று கத்தினேன்.

கடைசிச் சுற்றில், திருப்பத்தில், எவனோ கொட்டிவிட்டுப் போன மணல். முன்னால் ஒருத்தி சறுக்கினாள். சுஜிதா அவள்மேல். அவள்மேல் இன்னும் இரண்டு பேர். இரும்புச் சத்தத்துக்கு நடுவில் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. அது அவள்.

தாடையில் தையல். தையல் போடும்போதே கேட்கிறாள், "மாமா, சைக்கிள் வளைஞ்சிருச்சா?"

நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ஊருக்கு வந்து, விழும்போதே பாதியில் தாங்கிப் பிடித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

கண்ணை மூடினால் அந்த மெத்தென்ற சத்தம்.

"காச்சலுங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி பெருமாயி. வெயில் என்று சொன்னேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெருமாயி என்னையும் பனியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா இலையில் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏன்டா அப்பாசாமி, நீ புடிச்சேன்னியே. புடிச்சிருந்தா தாடையில எதுக்குடா தையலு?"

"கொஞ்சம் தாமசமா புடிச்சேன்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. சுஜிதாவைப் பார்த்துச் சொன்னாள்: "வர்ற மாசம் நம்ம மலையில நடக்கற போட்டிக்குப் போ. முழுசா ஊடு வந்து சேந்தீன்னா, சேலத்துக்குப் போயி பழகறேங்கறியே, போய்க்க. இன்னொருக்கா ரத்தத்தோட வந்தே, அந்த சைக்கிளைப் பரண்ல ஏத்திப்புடுவேன். உங்கப்பன் வந்து சொன்னாலும் எறக்க மாட்டேன்."

சுஜிதா தலையைக் குனிந்தாள். சோற்றைப் பிசைந்தாள், தின்னவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"ஒரு கீறல் விழாதுக்கா. நான் ஜவாப்பு."

எதற்குச் சொன்னேன்? காற்றுக்கு நான் ஜவாப்பா, மணலுக்கு ஜவாப்பா?

ஜனவரி 21, செவ்வாய்

மிளகு பறிப்பு. கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி உச்சிவரை ஏறினேன். எனக்குக் கீழே மேகம் போனது. (பனி. ஏணியின் பாதியில்.)

மிளகு காயப்போட எனக்கு சிமென்ட் களம் உண்டு. இந்த ஊரில் பல பேருக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பாவாயி தார்ரோட்டில்தான் காயப்போடுகிறாள். தாரில் சூடு ஏறினால் மிளகு சீக்கிரம் கறுத்துச் சுருங்கும், நல்ல விலை. ஆனால் பஸ் வந்தால் ஓரத்துக்குத் தள்ள வேண்டும், போனால் திரும்ப விரிக்க வேண்டும். லாரி வந்தால் திரும்ப. அவள் டிரைவர்களைத் திட்டுகிற திட்டு காரவள்ளி வரைக்கும் கேட்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

சுஜிதா இறக்கம் பழகினாள். மொபெட்டில் பின்னாலேயே போனேன். போனேன் என்பது முதல் வளைவு வரைக்கும். அதற்கப்புறம் அவள் இல்லை. முழங்கையை மடக்கி, தாடையைக் கைப்பிடியில் வைக்கிற மாதிரி குனிந்து, கல்லை உருட்டிவிட்ட மாதிரி போய்விட்டாள். கீழே போய்ச் சேருகிற வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் தாண்டவும் பயம்.

கீழே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, அந்த நடு வளைவுல மலைப்பாம்பு படுத்திருந்துச்சு. ரோடு அகலத்துக்கு. நீ பாக்கல."

"மாமா, நீங்க சொல்றதுல பாதியக் கழிச்சு, மிச்சத்துலயும் பாதியத்தான் எடுத்துக்கோணும்னு அம்மா சொல்லும்."

"அப்ப கால் பாம்பாச்சும் இருந்துச்சில்ல."

சிரித்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போட்டியன்னிக்கு வழியில நின்னு கத்தாதீங்க. போன தடவ ஒவ்வொரு சுத்துக்கும் பாத்து பாத்துன்னு கத்துனீங்க. இப்பெல்லாம் நீங்க கத்துனா என் காது தானா மூடிக்குது."

சரி என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சைக்கிள் சங்கத்து ஆள் வந்தார், சந்தோஷ்குமார் என்று பேர், ராசிபுரம். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர், எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறார். பதினாறாம் தேதி போட்டி. காரவள்ளியில் ஏறி, சோளக்காட்டில் உச்சியைத் தொட்டு, எங்கள் ஊர் வழியாகச் சுற்றி, செம்மேட்டில் முடியுமாம். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். என்னைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். (நான்தான் சொன்னேன்.)

பச்சைச் சட்டை, கொடி, விசில் கொடுத்தார். எனக்குப் பலாமரத்து வளைவு.

ஊரைத் தாண்டினதும் ரோடு நெட்டுக்குத்தலாக இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் பலாமரம், அதில் ஒரே வெட்டாகத் திருப்பம். திரும்பாவிட்டால் ஓடை. பாறை.

அதே வளைவுதான் வேண்டும் என்று நானே மார்தட்டிக் கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தேன். சந்தோஷ்குமார் கொடுத்த தாளில் மூன்று வரி. "பதினாறாம் தேதி காலை சைக்கிள் போட்டி. வாகனங்கள் நிறுத்தப்படும். சாலையைக் காலியாக வைத்து ஒத்துழைக்கவும்." இதைப் படிக்க ஒரு மைக்கா? என் குரலுக்கு அவமானம்.

நானே சேர்த்தேன். "அன்னிக்கு நம்ம ரோட்டுல பஸ்ஸு கெடையாது, லாரி கெடையாது, ஒரு மொபெட்டு கெடையாது. போலீசே நின்னு தடுக்கும். சனங்களே, அன்னிக்கு ரோடு உங்க ஊட்டுக் களம் மாதிரி." எல்லா ஊரிலும் சொன்னேன். எங்கள் ஊரில் இரண்டு தடவை. மூன்றாவது வரியைப் படித்தேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

பாவாயி ஆட்டோவை நிறுத்தினாள்.

"நெசமாவே பஸ்ஸு வராதுங்களா அண்ணா?"

"பஸ்ஸோட நெழலுகூட வராது. நான் ஜவாப்பு."

உள்ளே கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தாள். பாவாயிக்கு சைக்கிள் போட்டியில் இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 12, புதன்

பலாமரத்து வளைவில் போய் நின்று பார்த்தேன். கொடியை எப்படிப் பிடிப்பது என்று பழகலாம் என்றுதான். மேலே பார்த்தேன். அங்கிருந்து அவள் வருவாள். கீழே பார்த்தேன். பாறை.

மெத்தென்ற சத்தம் காதுக்குள் கேட்டது. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

என்னால் முடியாது. வேறு எங்கேயும் நிற்கிறேன். அவள் இறங்கி வருகிறதை மட்டும் நான் பார்க்க மாட்டேன்.

சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டேன். "உச்சியில கூட்டம் சாஸ்தியா இருக்குமுங்க. மைக்குல பேச அனுபவசாலி ஆளு வேணுமில்லீங்களா?" என்றேன். நல்ல மனுசர். நீங்க சோளக்காட்டில் இருங்க, பலாமரத்தில் நானே நிற்கிறேன் என்றார். சோளக்காட்டுக்கு ஏறித்தான் வருவார்கள். ஏறும்போது நடக்கிற வேகம்தான். அங்கே யாரும் விழ மாட்டார்கள்.

வீட்டில் புரமோசன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 15, சனி

சோறு இறங்கவில்லை. பெருமாயியிடம் விரதம் என்றேன்.

"எந்த சாமிக்குங்க?" என்றாள். எல்லா சாமிக்கும்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேனா பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையில் மிளகு பதிந்த குழி இன்னும் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எழுதுகிறேன்.

சோளக்காட்டில் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டோவுக்காக என் பழைய சைக்கிளைத் துடைத்து, மாலை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். (அதற்கு பிரேக் எப்போதும் உண்டு.) முதலில் வருகிற பெண்கள் கடைசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், அதில் சுஜிதாவும் இருக்கிறாள் என்று கீழேயிருந்து செய்தி வந்தது. கூட்டம் கைதட்டியது. அப்போது சந்தோஷ்குமார் போன்.

"அண்ணா, இங்க ரோடு பூரா மிளகு."

எனக்குப் புரியவில்லை.

"ஊர்ல இருந்து பலாமரம் வரைக்கும் கொட்டி விரிச்சிருக்காங்க. பனி விலகுனதும் அத்தன ஊடும் கொண்டாந்துட்டாங்க. எடுங்கன்னா எடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டா, அப்பாசாமி அண்ணன்தான் சொன்னாரு, இன்னைக்கு ரோடு எங்க களம்னு."

"சைக்கிள் வருதுன்னு சொல்லுங்க."

போனில் அவருக்குப் பின்னால் பாவாயி குரல் கேட்டது. "சைக்கிளு ஒரு வண்டிங்களா? அது பாட்டுக்கு ஓரமா போய்க்கும்."

போனை அவள் காதில் வைக்கச் சொன்னேன். "பாவாயி, அள்ளிரு சாமி, எல்லாரையும் அள்ளச் சொல்லு."

"நீங்கதானுங்களே அண்ணா ஜவாப்புன்னீங்க. நாலு மூட்டையவும் இப்பத்தான் விரிச்சு—"

சிக்னல் போய்விட்டது.

காய்ந்தும் காயாத மிளகு. உருண்டை. அதன்மேல் விரல் அகலச் சக்கரம், அந்த இறக்கத்தில். போட்டி நடத்துகிறவர்களில் விசில் வைத்திருந்த பெரியவரிடம் சொன்னேன். அவர் யாருக்கோ போன் போட்டார், அவருக்கும் சிக்னல் இல்லை. மொபெட் கேட்டேன். போலீஸ்காரர், இன்றைக்கு ஒரு வண்டியும் விடக்கூடாது என்று உத்தரவு, நீங்கதானே மைக்கில் சொன்னீங்க என்றார்.

மாலை போட்ட சைக்கிளில் ஏறினேன்.

பறந்தேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். பறக்கவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியேதான் வந்தேன். பிரேக் கட்டையில் புகை வந்தது. இல்லை, புகை வரவில்லை. தீய்ந்த நாற்றம் வந்தது. பள்ளத்தின் பக்கம் பார்க்காமல், முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் இறக்கம். இரண்டாவது. மூன்றாவதில் கால் உதற ஆரம்பித்தது. இந்தத் தடவை லாரி வராது. வராது என்று அறிவித்ததே நான்தான்.

மாலை கழுத்தில்—என் கழுத்தில் இல்லை, சைக்கிள் கழுத்தில்—அறுந்து கைப்பிடியில் சுற்றிக்கொண்டது. பிய்த்து எறிந்தேன். அப்போது கை விட்ட பிரேக்கைத் திரும்பப் பிடிக்கத் தெரியவில்லை. ஊர் தாண்டிப் போயிற்று. பெருமாயி வாசலில் நின்று என்னைப் பார்த்தது மட்டும் தெரிந்தது. இறக்கம். கறுப்பாக, பச்சையாக, ரோடு அகலத்துக்கு மிளகு.

விழுந்தேன். எப்படி என்று தெரியாது. முழங்கையும் இடுப்பும் தேய்ந்துகொண்டே போனேன், மிளகு என் கூடவே உருண்டது. தூரத்தில் பலாமரத்தடியில் சந்தோஷ்குமார் துண்டால் மிளகைத் தள்ளிக்கொண்டிருந்தார், பாவாயி அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். மேலே தேன்கூடு கலைந்த சத்தம்.

மேட்டைப் பார்த்து ஓடினேன். ஓடினேன் என்பது பொய், நொண்டினேன். மிளகு முடிகிற இடத்துக்கு மேலே போய் நடு ரோட்டில் நின்றேன். ஊர்த் திருப்பத்தில் அவள் வந்தாள். முதல் ஆளாக. குனிந்த தலை, மடக்கிய முழங்கை. பின்னால் இரண்டு பேர்.

இரண்டு கையையும் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

என் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. ஊருக்கே கேட்கிற தொண்டை எனக்கு. ஒரு எழுத்து வரவில்லை. விசில் பையில் இருந்தது, அது ஞாபகத்துக்கே வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் என்மேல் மோதட்டும் என்று நினைத்தேன். மிளகுக்குப் போவதைவிட என்மேல் மோதட்டும். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது தெரிந்தது.

அந்த இடத்தில் கண்ணை மூடிவிட்டேன்.

சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம். ஒருத்தி திட்டுகிற சத்தம். மெத்தென்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் என் வேட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சுஜிதா ஒரு காலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். இரண்டாவது பெண் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். மூன்றாவது பெண் எங்களைத் தாண்டி மிளகில் போய், பின்சக்கரம் பாம்பாக நெளிந்து, புல்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை மட்டும் தேய்ந்தது. சுஜிதாதான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

மூன்று பேரும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மிளகைத் தாண்டி நடந்தார்கள். வேறு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்து, அவர்களும் நடந்தார்கள். பாவாயி அப்போதுதான் துண்டை விட்டாள். அவளே முறத்தை எடுத்து வழி செய்தாள். ஊரே அள்ளியது.

சுஜிதா ஐந்தாவது. முதல் மூன்று பேருக்குத்தான் பரிசு.

சாயங்காலம் வரைக்கும் பாவாயியோடு உட்கார்ந்து மிளகில் மண் பொறுக்கினேன். நாலு மூட்டையில் ஒரு மூட்டை வீண். "என் களத்துல காயப்போட்டுக்க" என்றேன். எவ்வளவு பெரிய களம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அக்கா வந்தாள். சுஜிதாவும் வந்தாள். கட்டிலில் படுத்திருந்தேன். பரண் ஞாபகம் வந்தது.

"நீ பண்ணுன வேலையா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். அக்கா இன்னும் ஏதோ வரும் என்று நின்றாள். வரவில்லை. பெருமாயிகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"போட்டியன்னிக்குக் கத்தாதீங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் சுஜிதா. "நீங்க கத்தியிருந்தா, மாமன் வழக்கம்போலன்னு நேரா போயிருப்பேன் மாமா. வாயத் தெறக்கறீங்க, சத்தமே வரல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. ரெண்டு பிரேக்கையும் புடிச்சேன்."

அக்கா மகளின் கையை, முழங்காலை, தாடையைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என் முழங்கைக் கட்டைப் பார்த்தாள்.

"ஒரு கீறல் விழாதுன்னே. அவளுக்கு விழல" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "திங்கக்கெழம சேலத்துக்குப் பஸ்ஸு எத்தன மணிக்குடா?" என்று கேட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

பாவாயி மிளகு என் களத்தில் கிடக்கிறது. என் மிளகு ஓரத்தில்.

டீக்கடையில் போட்டிக் கதை கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிரேக் பிடித்துக்கொண்டே வந்தது, விழுந்தது, நொண்டினது, குரல் வராதது. யாரும் சிரிக்கவில்லை. "இதுல பாதியக் கழிக்கலாம்னா கழிக்கறதுக்கே ஒண்ணுமில்லியேங்க" என்றான் சின்னக்கண்ணு. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சுஜிதா சேலத்திலிருந்து வந்திருக்கிறாள். காலையில் இறக்கம் பழகப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு முன்னாலேயே விளக்குமாறு எடுத்துக்கொண்டு போய்ப் பலாமரத்து வளைவைக் கூட்டினேன். கல், சருகு, ரோட்டு வெடிப்பில் மாட்டியிருந்த மிளகு. அப்புறம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே சத்தம் கேட்டது. கால் உதறியது.

அவள் வந்தாள். சாய்ந்தாள். திரும்பினாள். கடைசிவரை பார்த்தேன்.

விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.